மஸ்டர்: பெரட்டுக்களத்துல நின்ன ஒரு இங்கிலீஷ் வார்த்தைய முழுசா படிக்கிறது எப்படி

மொதல்ல நான் எப்படி மாட்டுனேன்னு சொல்லிர்றேன், அப்பதான் ஒரே ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்னு புரியும். ஏலெவல் முடிச்சிட்டு கொழும்புல ஒரு கம்பனியில ட்ரெய்னியா சேந்து மூணாவது வாரம். ஒரு ரிப்போர்ட் எழுதி மேல இருக்கிறவருக்கு அனுப்புனேன். பதில் ஒரே வரியில வந்துச்சு: "திஸ் வோன்ட் பாஸ் மஸ்டர்."

எனக்கு மஸ்டர் தெரியும். தேயிலைத் தோட்டத்துல பொறந்தவனுக்கு மஸ்டர் தெரியாம இருக்குமா? காலையில ஆள கூட்டி, எண்ணி, பேர் போட்டு, வேலை பிரிச்சிக் குடுக்கிறத தோட்டத்த நடத்துற தொரைமாரும் ஆபிஸ் ஆளுங்களும் மஸ்டர்னுவாங்க, நாம பெரட்டும்போம். அதனால நான் என்ன நெனச்சேன்னா, என் வரவுல ஏதோ கோளாறு, ஏதோ ஒரு நாளு பேர் விழல, அதத்தான் இவரு மஸ்டர் பாஸ் ஆகாதுங்கிறாரு. நேரா ஆள் நிர்வாகம் பாக்கிற பக்கம் போய், வெரல் வைக்கிற மெஷின்ல என் பேர் விழுந்திருக்கா அக்கான்னு கேட்டேன். அவங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு "எல்லா நாளும் விழுந்திருக்கு தம்பி"ன்னாங்க. சந்தோஷமா வந்து பதில் போட்டேன், "சேர், ஐ செக்ட், மை மஸ்டர் இஸ் ஓகே"ன்னு.

அவரு சொன்னது, "இந்த ரிப்போர்ட் தேறாது".

அதுக்கப்புறம் அந்த ஆபிஸ்ல ரெண்டு மாசம் என்ன மஸ்டர் தம்பின்னுதான் கூப்பிட்டாங்க, அத விடுங்க. எனக்கு அந்த வார்த்தை தெரியாம இல்லயே, தெரிஞ்சதுதானே என்ன கவுத்துச்சு. ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னு மனசுல முடிச்சுப் போட்டு வச்சிருந்தா இப்படித்தான் ஆகும். அப்புறம் இந்த மஸ்டர நான் எப்படி பிரிச்சிப் பிரிச்சி படிச்சேனோ அதே வரிசையில இங்க எழுதுறேன். இதே வழிய வேற எந்த வார்த்தைக்கும் வச்சிக்கலாம், ஆனா ஒரு வார்த்தையில கை பழகினாத்தான் மத்ததெல்லாம் வரும்.

மொத வேலை: வாக்கியத்த அப்படியே எழுதி வைக்கிறது

புது வார்த்தைய பாத்தவுடனே போன எடுத்து அர்த்தம் தேடாதீங்க. நம்ம பிள்ளைகள் ட்யூஷன் கொப்பியில பாத்திருக்கேன், எடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, நடுவுல ஒரு கோடு, வலது பக்கம் தமிழ் அர்த்தம், பக்கம் பக்கமா. மஸ்டர் – திரட்டுதல். முடிஞ்சிச்சு. ஓலெவல் பேப்பர்ல வார்த்தைய பொருத்துற கேள்விக்கு அது போதும், வாய தொறந்து பேசுறதுக்கும் ஒரு ஈமெயில் எழுதுறதுக்கும் அது சல்லிக்காசுக்கு ஒதவாது.

அந்த வார்த்தை எந்த வாக்கியத்துல வந்துச்சோ அத முழுசா, முன்னாடி பின்னாடி ஒரு வரியோட சேத்து எழுதுங்க. யாரு சொன்னது, எங்க வந்தது, பத்திரிகையா, கிரிக்கெட் வர்ணனையா, ஆபிஸ் ஈமெயிலா, அதையும் ஓரத்துல குறிச்சிக்கோங்க. அப்புறம் அர்த்தத்த ஊகிங்க, பென்சில்ல. தப்பா இருந்தாலும் பரவாயில்ல. ஊகிச்சு தப்பானது மனசுல நிக்கிற மாதிரி, காட்டிக் குடுத்தது நிக்காது. நான் அன்னைக்கு மட்டும் அந்த வரியில கொஞ்சம் நின்னு பாத்திருந்தா, 'திஸ்'னு அவரு சொன்னது ரிப்போர்ட்டத்தானே, ரிப்போர்ட்டுக்கு ஏது வரவுன்னு தோணியிருக்கும்.

ரெண்டாவது: சத்தம்

இது சின்ன வேலைதான், ஆனா இந்த வார்த்தையில ஒரு குழி இருக்கு. எழுத்து எம், யூ, எஸ், டி, ஈ, ஆர். யூவ பாத்துட்டு முஸ்டர்னு சொல்லக் கூடாது, 'யூ மஸ்ட் கோ'ங்கிறதுல வர்ற மஸ்ட், அதே சத்தம், அதோட ஒரு 'அர்'. வெள்ளக்காரங்க அந்த கடைசி ரகரத்த முழுங்கி மஸ்டம்பாங்க, அமெரிக்காக்காரங்க நல்லா உருட்டுவாங்க, நமக்கு எது வருதோ அது போதும். ஆனா 'ம'வ நீட்டிறாதீங்க, நீட்டுனா அது மாஸ்டர், வாத்தியாரு ஆயிருவாரு. கடைசியில ஒரு 'ட்' ஒட்டிக்கிட்டா மஸ்டர்ட், கடுகு. பாஸ் மஸ்டர்ட்னு எழுதுறவங்க இங்கிலீஷ்காரங்கள்லயே இருக்காங்க, தரத்துக்கு ஏத்த மாதிரி இருக்கிறதுக்கு கட் த மஸ்டர்ட்னு இன்னொரு சொல்லு இருக்கிறதால ரெண்டும் வாயில கொழம்பிருது. கடுகுக்கும் நம்ம பெரட்டுக்கும் சம்பந்தம் இல்ல.

மூணாவது: வார்த்தைக்கு அடியில இருக்கிற படத்த தேடுறது

இந்த எடத்துலதான் கொஞ்சம் ஒக்காரணும்.

கனமான வார்த்தை எல்லாத்துக்கும் கீழ, கண்ணால பாக்கக்கூடிய ஒரு படம் இருக்கும். அந்த படம் கெடச்சிட்டா மத்த அர்த்தமெல்லாம் அதுலருந்து கெளையா பிரியறது தெரியும். மஸ்டருக்கு அந்த படம் நமக்கு சும்மாவே கெடச்சிருக்கு, லண்டன்ல இருக்கிற பிள்ளைக்குக் கூட கெடக்காது.

நான் சின்ன வயசுல நோர்வூட் பக்கம் எங்க தோட்டத்துல அம்மாவோட பெரட்டுக்களத்துக்கு போனது ஞாபகம் இருக்கு, சின்னப் பிள்ளைகள பாத்துக்கிற பிள்ளைக்காம்பராவுல என்ன விடுறதுக்கு முன்னாடி. விடிஞ்சும் விடியாத நேரம், மலையெல்லாம் மூட்டம், வாயத் தொறந்தா பொகை வருது. பொம்பளைங்க இடுப்புல படங்குத் துணி கட்டி, தலையில கூடைக் கயித்த மாட்டி வரிசையா நிக்கிறாங்க. கங்காணி ஒரு பக்கம், கணக்கப்பிள்ளை நடுவுல புத்தகத்தோட. பேர் கூப்பிடுறாரு, ஆள் ஒரு சத்தம் குடுக்குது, பேனா ஒரு கீறு கீறுது. "பத்தாம் நம்பர் மலைக்கு இத்தன பேரு, முள்ளு குத்துறதுக்கு இத்தன பேரு, கவ்வாத்துக்கு இத்தன பேரு"ன்னு பிரிச்சி விடுறாரு. பிந்தி ஓடி வந்த ஒரு அக்காவ களத்துலருந்து திருப்பி அனுப்புனதையும் பாத்திருக்கேன், அவங்க கூடையோட அப்படியே லயத்துக்கு, அதான் நம்ம வரிசை வீட்டுக்கு, திரும்பிப் போனாங்க. தாத்தா காலத்துல தப்படிச்சித்தான் பெரட்டுக்கு கூப்பிடுவாங்களாம். பெரட்டுங்கிற சொல்லே பரேட்டுங்கிற இங்கிலீஷ் நம்ம வாயில உருண்டு வந்ததுன்னு பெரியாளுங்க சொல்லுவாங்க.

இதுல மூணு விஷயம் இருக்கு பாருங்க. சிதறிக் கெடந்தவங்க ஒரு எடத்துக்கு வர்றாங்க. வந்தவங்கள ஒருத்தர் பாத்து எண்ணுறாரு. எண்ணி முடிச்சதும் ஒரு வேலைக்கு அனுப்புறாரு. கூடுறது, காட்டுறது, கிளம்புறது. மஸ்டர் வார்த்தையோட உசுரு இந்த மூணுலதான் இருக்கு.

இங்கிலீஷ்ல இது பட்டாளத்து வார்த்தை. லத்தீன்ல காட்டுறதுக்கு மொன்ஸ்ட்ராரேம்பாங்க, அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. டெமொன்ஸ்ட்ரேட், காட்டிக் குடுக்கிறது, அதுவும் அதே குடும்பம். மொன்ஸ்டர், பூதம், அதுவும் ஒரு வகையில சொந்தக்காரன்தான். சிப்பாய்கள வரிசையா நிப்பாட்டி, தலைய எண்ணி, துவக்கு வாளெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்கிறதுதான் மஸ்டர். அந்த பேர் புத்தகம் மஸ்டர் ரோல். ஏன் அவ்வளவு கறாரா எண்ணுனாங்கன்னா, அந்தக் காலத்து கேப்டன்மார் சில பேரு இல்லாத சிப்பாய் பேரெல்லாம் புத்தகத்துல ஏத்தி அந்த சம்பளத்த பையில போட்டுக்கிட்டாங்க. வராத ஆளுக்கு பேர் போடுற வித்தை எல்லா ஊருலயும் இருந்திருக்கு, நமக்கு மட்டும் சொந்தம் இல்ல. அப்படி வந்து எண்ணுறவரு பார்வையில தப்பாம தேறுறதுதான் பாஸ் மஸ்டர், 16ம் நூற்றாண்டுலருந்து இருக்கிற சொல்லு.

நான் கொழும்புல முழிச்ச முழி இப்ப வெளங்குதா? என் ரிப்போர்ட்ட அவரு பெரட்டுக்களத்துல நிப்பாட்டிப் பாத்திருக்காரு, படங்கு இல்ல, கூடை இல்ல, திருப்பி லயத்துக்கு அனுப்பிட்டாரு. நான் நெனச்ச மஸ்டரும் அவரு சொன்ன மஸ்டரும் வேற வேற இல்ல, ஒரே களம்தான். நான் எண்ணுற எடத்துலயே நின்னுட்டேன், அவரு பரிசோதிக்கிற எடத்துல நின்னாரு.

நாலாவது: ஒரு லயம், பல காம்பரா

வார்த்தைய லயம் மாதிரி நெனச்சிக்கோங்க. கூரை ஒண்ணு, காம்பரா, அதாவது அறை, பல. எந்த காம்பராவுல யாரு இருக்காங்கன்னு தெரியாம கதவ தட்டக் கூடாது.

மொத காம்பரா, ஆளுங்கள கூட்டுறது. பட்டாளம், பொலிஸ், கப்பல், தோட்டம். "த சோல்ஜர்ஸ் மஸ்டர்ட் அட் டோன்." சிப்பாய்கள் விடியக்காலையில அணி கூடுனாங்க. இந்த காம்பராவுலருந்து நம்ம பையன்களுக்கு ரொம்ப தேவையான ஒண்ணு இருக்கு, மஸ்டர் பொயின்ட், மஸ்டர் ஸ்டேஷன். மத்திய கிழக்குல எண்ணெய் கம்பனி சைட்டுகள்ல, கப்பல்கள்ல இந்த போர்டு இருக்கும். ஆபத்து மணி அடிச்சா எல்லாரும் ஓடி வந்து நின்னு தலை எண்ணிக் காட்ட வேண்டிய எடம். அத காலையில கைச்சாத்து போடுற எடம்னு நெனச்சீங்கன்னா ஆபத்து. 2012 ஜனவரி 13 இத்தாலியில ஜிலியோ தீவு பக்கத்துல கோஸ்டா கொன்கோர்டியான்னு ஒரு பெரிய பயணிகள் கப்பல் பாறையில மோதி சாஞ்சி 32 பேரு செத்தாங்க. அன்னைக்கு சாயந்திரம்தான் ஏறின பயணிகள் பல பேருக்கு மஸ்டர் ட்ரில்லே நடக்கல, ஏறி 24 மணித்தியாலத்துக்குள்ள நடத்துனா போதும்னு அப்ப சட்டம் இருந்துச்சு. 2015லருந்து கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடி இல்லாட்டி கெளம்புன கையோட நடத்தியே ஆகணும்னு மாத்துனாங்க. ஆக அந்த போர்ட பாத்தா மொத நாளே போய் நின்னு எடத்த பாத்துக்கோங்க.

ரெண்டாவது காம்பரா, உள்ளுக்குள்ள கூட்டுறது. தைரியம், தெம்பு, உற்சாகம், சிரிப்பு. "ஐ மஸ்டர்ட் த கரேஜ் டு ஆஸ்க் ஹிம்." தைரியத்த வரவழைச்சிக்கிட்டு அவர்கிட்ட கேட்டேன். 'அப்' சேத்து மஸ்டர் அப் த கரேஜ்னும் சொல்லலாம், பேச்சுல அதுதான் அதிகம். இங்க பெரட்டுக்களம் நெஞ்சுக்குள்ள. மூலைக்கு மூலை ஓடி ஒளிஞ்சி கெடந்த தைரியத்த தப்படிச்சிக் கூப்பிட்டு வரிசையா நிப்பாட்டி, இவ்வளவுதான் இருக்கு, இத வச்சிக்கிட்டு போவோம்னு கெளம்புறது. தொரை பங்களாவுக்கு லீவு கேக்க போற ஆள் வாசல்ல நின்னு தொண்டைய செருமுவாரு இல்ல, அந்த ஒரு நிமிஷம்தான் மஸ்டர்.

மூணாவது, ஆதரவு, வாக்கு, பெரும்பான்மை. இது நியூஸ்ல தெனமும் வரும். நம்ம பாராளுமன்றத்துல 225 பேரு, சாதாரண பெரும்பான்மைக்கு 113, மூணுல ரெண்டுன்னா 150. "த கவர்ன்மென்ட் குட் நொட் மஸ்டர் அ டூ தேர்ட்ஸ் மெஜோரிட்டி"ன்னு எழுதியிருந்தா, 150 கைய தூக்க வைக்க முடியலன்னு அர்த்தம்.

நாலாவது, கஷ்டப்பட்டும் இவ்வளவுதான் எடுக்க முடிஞ்சிச்சுங்கிறது. கிரிக்கெட் பாக்கிறவங்களுக்கு வெளங்கும், வலிக்கவும் செய்யும். 2023 செப்டம்பர் 17, ஆசியக் கிண்ண பைனல், கொழும்பு பிரேமதாச மைதானம், 15.2 ஓவர்ல நம்ம டீம் 50க்கு சுருண்டுச்சு, இந்தியாவோட சிராஜ் ஒருத்தரே 21 ஓட்டம் குடுத்து 6 விக்கெட். இத இங்கிலீஷ்ல சொல்றதா இருந்தா "ஸ்ரீ லங்கா குட் மஸ்டர் ஒன்லி ஃபிஃப்டி". வெறும் ஸ்கோர்ட்னு சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஸ்கோர்ட் கணக்கு மட்டும் சொல்லும், மஸ்டர் பெருமூச்சும் விடும்.

அஞ்சாவது பாஸ் மஸ்டர், அத மேலயே பாத்துட்டோம். இது தவிர அவுஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் மாடு ஆடுகள மேய்ச்சல்லருந்து ஓட்டிக் கூட்டுறதுக்கும் மஸ்டரிங்தான், மயில் கூட்டத்துக்கு அ மஸ்டர் ஒஃப் பீகொக்ஸ்னு ஒரு பேரு இருக்கு, தமிழ்நாட்டுல நூறு நாள் வேலையில வரவு பதியிறதும் மஸ்டர் ரோல்தான். தெரிஞ்சி வச்சிக்கோங்க, மெனக்கெட வேணாம்.

இப்ப இத தமிழோட வச்சி பாருங்க. தைரியத்த வரவழைக்கிறோம். ஆதரவ திரட்டுறோம். அம்பது ஓட்டம்தான் எடுக்க முடிஞ்சிச்சு. ரிப்போர்ட் தேறாது. தமிழ்ல நாலு வேற வேற வினை, இங்கிலீஷ்ல ஒரே மஸ்டர். அதனாலதான் மஸ்டர் – திரட்டுதல்னு கோடு போட்டு எழுதுற கொப்பி நம்மள ஏமாத்துது. எனக்கு ரொம்ப உதவுனது என்னன்னா, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு தமிழ் வினைய தனித்தனியா எழுதி ஒட்டுனது. திரட்டுங்கிற ஒரே வினைய வச்சி தைரியத்த திரட்டினேன், ஓட்டங்கள திரட்டுனாங்கன்னு எழுதுனா தமிழும் மொழிபெயர்ப்பு வாடை அடிக்குது.

அஞ்சாவது: வார்த்தையோட கூட்டாளிமார்

என் கணக்குல எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம், நம்ம பக்கம் வகுப்புல யாரும் இத சொல்லித் தரவும் இல்ல. அர்த்தம் தெரிஞ்சும் நாம எழுதுற வாக்கியம் ஏன் ஒட்டாம நிக்குதுன்னா, வார்த்தைய அதோட கூட்டாளி இல்லாம தனியா கூட்டி வந்துர்றோம்.

மஸ்டருக்கு பின்னாடி வழக்கமா யாரு வர்றாங்க? கரேஜ், ஸ்ட்ரென்த், எனர்ஜி, என்தூசியாசம், சப்போர்ட், வோட்ஸ், மெஜோரிட்டி, ஸ்மைல். யாரு வரமாட்டாங்க? கொழுந்து, தண்ணி, ஹோம்வர்க். பயமும் வராது, கோவமும் வராது. இதுல ஒரு நிமிஷம் நில்லுங்க. தைரியம் வரும், பயம் வராது, ஏன்? பயத்த யாரும் கஷ்டப்பட்டு கூப்பிடத் தேவையில்ல, அது கூப்பிடாமலே வந்து ஒக்காந்துரும். மஸ்டர் பண்றதுன்னா தேவையானது, ஆனா கொறைவா இருக்கிறது, சிதறி இருக்கிறது, முக்கி மொனகித்தான் கூட்டணும். இந்த ஒரு சூட்சுமம் பிடிபட்டா பாதி தப்பு நின்னுரும். "ஐ மஸ்டர்ட் டீ லீவ்ஸ்"னு ஏன் சொல்லக் கூடாதுன்னு அப்ப யாரும் சொல்லித் தரத் தேவையில்ல, கொழுந்து மலை பூரா கெடக்கு, அத பறிக்கிறதுதான், அதுக்கு ப்ளக்.

முன்னாடி யாரு வர்றாங்கன்னும் பாருங்க. குட், குட் நொட், குட் ஒன்லி, பெயார்லி, மெனேஜ்ட் டு. இந்த வார்த்தைக்கு முடிஞ்சிச்சு, முடியல, அவ்வளவுதான் முடிஞ்சிச்சுங்கிற பேச்சு ரொம்ப புடிக்கும். அடிக்கடி வர்ற ஒரு அச்சு, "வித் ஓல் த ஸ்ட்ரென்த் ஹீ குட் மஸ்டர்." அவருக்கு இருந்த தெம்பு அத்தனையும் சேத்து. ஸ்ட்ரென்த்த எடுத்துட்டு டிக்னிட்டி போடலாம், பேஷன்ஸ் போடலாம், வாக்கியம் அசையாம நிக்கும். இந்த அச்ச மனப்பாடம் பண்ணுங்க, தனி வார்த்தைய மனப்பாடம் பண்றத விட நூறு மடங்கு பிரயோசனம்.

கூட்டாளிமார எங்க தேடுறது? போன்லயே தேடலாம், 'குட் நொட் மஸ்டர்'னு மேற்கோள் குறிக்குள்ள போட்டு நியூஸ் பக்கத்துல தேடுங்க, பத்து வாக்கியம் எடுத்து வரிசையா எழுதுங்க, பின்னாடி வர்ற வார்த்தைக்கு மட்டும் கீழ கோடு போடுங்க. அர மணித்தியால வேலைதான். சிக்னல் இல்லாத டிவிஷனா இருந்தா இங்கிலீஷ் பேப்பரோட பாராளுமன்ற செய்தியும் விளையாட்டுப் பக்கமும் போதும்.

ஆறாவது: இலக்கணம், சுருக்கமா

மஸ்டர், மஸ்டர்ட், மஸ்டரிங், அவ்வளவுதான், கோணல் ஒண்ணும் இல்ல. எதையாவது மஸ்டர் பண்ணணும், அதாவது பின்னாடி ஒரு பொருள் வரணும், ஆளுங்க தானா கூடுறப்ப மட்டும் பொருள் இல்லாம நிக்கும். பாஸ் மஸ்டர்ல நடுவுல 'த'வும் வராது, 'அ'வும் வராது. "பாஸ் த மஸ்டர்"னு நாம எழுதுறது பழக்கதோஷம். யாரு பார்வையிலன்னு சொல்லணும்னா வித் போடுங்க, "இட் டிட் நொட் பாஸ் மஸ்டர் வித் த ஓடிட்டர்ஸ்". கணக்குப் பரிசோதகங்க கண்ணுல அது தேறல. இந்த சொல்லு இல்லன்னு சொல்றப்பயும் கேள்வி கேக்குறப்பயும்தான் அதிகம் வரும், தேறுமா, தேறாதான்னு நாம கேக்குற மாதிரியே.

ஏழாவது: பங்காளிமாரோட சண்டை

கெதர், கலெக்ட், அசெம்பிள், சமன். நாலு பேரும் மஸ்டரோட பங்காளி, ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர வச்சா சில நேரம் ஓடும், சில நேரம் கவுத்துரும்.

கலெக்ட்ங்கிறது வீடு வீடா போய் வாங்கி சேக்கிறது. கோயில் திருவிழாவுக்கு லயம் லயமா ரசீதுப் புத்தகத்தோட போறது கலெக்ட். கெதர் சாதாரணமா கூடுறது, சாயந்திரம் தண்ணி பிடிக்கிற பீலியடியில பொம்பளைங்க கூடி நின்னு பேசுறது கெதர், அங்க யாரும் யாரையும் எண்ணல. அசெம்பிள்னா ஒழுங்கா, ஒரு முறைப்படி கூடுறது, பாடசாலையில காலைக் கூட்டம் அசெம்பிளி, அலுமாரிய துண்டு துண்டா கொண்டுவந்து பூட்டுறதும் அசெம்பிள். சமன்னா அதிகாரம் உள்ளவரு ஆளனுப்பி கூப்பிடுறது, தொரை ஆபிஸுக்கு வரச்சொன்னா சமன்ட். தைரியம், தெம்பு மாதிரி விஷயத்துல சமனும் மஸ்டரும் அண்ணன் தம்பி, எது போட்டாலும் சரி.

அதே பீலியடி பொம்பளைங்க தண்ணி மூணு நாளா வரலன்னு முடிவெடுத்து, யார் யாரு வர்றாங்கன்னு பேர் பாத்து, ஆபிஸுக்கு கெளம்புறதுக்காக ரோட்டுல கூடுனா? அப்ப மஸ்டர் போடலாம். எண்ணியாச்சு, கெளம்புறதுக்கு ஒரு காரணமும் இருக்கு.

எங்க பேசக் கூடாது

இது கொஞ்சம் விறைப்பான வார்த்தை. பத்திரிகை, ரிப்போர்ட், கட்டுரை, இன்டர்வியூ, வர்ணனை, இங்கெல்லாம் கம்பீரமா நிக்கும். கூட்டாளிக்கு மெசேஜ் போடுறப்ப லெட்ஸ் மஸ்டர் அட் த பஸ் ஸ்டேண்ட்னு போட்டா, ஹட்டன் பஸ் ஸ்டேண்டுல துவக்கோட நிக்கச் சொல்ற மாதிரி இருக்கும். மீட் போதும். மஸ்டர் அப் த கரேஜ் மட்டும் பேச்சுலயும் தாராளமா வரும்.

எட்டாவது: கொப்பி

அர்த்தம் புரிஞ்சது வேற, கையில வர்றது வேற. 1885ல ஹெர்மன் எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரரு அர்த்தமே இல்லாத அசைகள மனப்பாடம் பண்ணி, எத்தன நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு தன்னையே வச்சி பரிசோதிச்சி புத்தகமா போட்டாரு. மறதி மொத நாள்லயே மளமளன்னு நடந்துருது, அப்புறம் மெதுவாகுது. அதனால நான் செய்றது இன்னைக்கு, நாளைக்கு, நாலாம் நாள், அப்புறம் ஒரு வாரம் கழிச்சி, ஒரு மாசம் கழிச்சி. ஒவ்வொரு தடவையும் பழசப் பாக்காம புதுசா ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் உங்க வீட்டுல, உங்க மலையில நடந்ததா இருக்கணும். ராஜா படைய திரட்டினாருன்னு எழுதாதீங்க, உங்களுக்கு ராஜாவ தெரியாது.

எங்க அக்கா மக இப்ப தரம் பத்து. போன லீவுல அவளுக்கு இந்த வார்த்தைய குடுத்து எழுதச் சொன்னேன், கொப்பிய அப்படியே காட்டுறேன், எது தேறிச்சு எது தேறலன்னு நீங்களும் பாருங்க.

"மை க்ரேண்ட்மதர் மஸ்டர்ட் ஃபயர்வுட்." பாட்டி வெறகு பொறுக்குனது. தேறல. வெறகுக்கு கெதர். ஆனா மழையில எல்லாம் நனஞ்சி கெடந்து, காய்ஞ்சது நாலு குச்சிதான் கெடச்சிச்சுன்னா "ஃபோர் ட்ரை ஸ்டிக்ஸ் வேர் ஓல் ஷீ குட் மஸ்டர்"னு எழுதலாம்டின்னு சொன்னேன். அப்ப வெறகு இல்ல மாமா முக்கியம், இல்லாததுதான் முக்கியம்ன்னா. நான் ரெண்டு பக்கத்துல எழுதுனத அவ ஒரு வரியில சொல்லிட்டா.

"ஐ மஸ்டர்ட் மெனி ஃபியர்ஸ் பிஃபோர் த எக்ஸாம்." தேறல, பயம் தானா வரும். கரேஜ் போட்டு திருத்துனா.

"அவர் டீம் குட் மஸ்டர் ஒன்லி தேர்ட்டி டூ ரன்ஸ் அகெய்ன்ஸ்ட் த லோவர் டிவிஷன்." சுத்தம். கீழ்ப்பிரட்டுக்காரன்கிட்ட 32க்கு சுருண்டது அவளுக்கு இன்னும் கோவம், வாக்கியத்துல தெரியுது.

"மை ஷூஸ் டிட் நொட் பாஸ் த மஸ்டர் இன் ஸ்கூல்." அந்த 'த'வ வெட்டுனேன், மத்தது அருமை.

கடைசியா ஒண்ணு எழுதியிருந்தா. அன்னைக்கு மழை, கேட்ட கிலோ வரல, அக்காவுக்கு அரைப்பேர்தான் போட்டிருக்காங்க. "வென் தே கேவ் ஹர் ஹாஃப் அ நேம், மை மதர் மஸ்டர்ட் அ ஸ்மைல் அண்ட் கேம் ஹோம்." அரைப்பேர்னு வெளியாளுக்கு வெளங்காது, ஹாஃப் அ டேஸ் பேன்னு மாத்துன்னு பென்சில்ல ஓரத்துல எழுதுனேன். அப்புறம் நானே அத அழிச்சிட்டேன்.